முதுகில் கை விழுந்தால்

இதை நானே பேனா பிடித்து எழுதுகிறேன். முதல் வரியை முடிப்பதற்குள் பேனா இரண்டு தடவை கீழே விழுந்துவிட்டது. "ஃபோன்ல பேசினா அதுவே எழுதிக்கும், எதுக்குங்க இந்தப் பாடு?" என்று என் மனைவி கலா கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்! சில மாதங்களுக்கு முன்பு என் உடம்பில் கண் இமையைத் தவிர வேறெதுவும் அசையவில்லை. இன்றைக்கு ஐந்து விரலும் கூடிப் பேசி ஒரு பேனாவைத் தூக்குகின்றன. விழுந்தால் விழட்டும், குனிந்து எடுக்க முடிகிறதே, அதுவும் எனக்குப் பெரிய விஷயம்தான்.

கண்டி ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரை என்னைப் போலவே கொண்டுவந்து போட்டார்கள். அவருடைய மனைவி என் தலைமாட்டில் வந்து நின்று, "இது என்ன வருத்தம் ஐயா? இதுல இருந்து எழும்பி வருவாங்களா?" என்று கேட்டார். அப்போது என் தொண்டையில் குழாய் இருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவுக்கும், அவரைப் போல நாளைக்கு யாருடைய தலைமாட்டிலாவது நின்று கேட்கப் போகிறவர்களுக்கும் இது என் பதில்.

என் பெயர் செல்வா. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறேன். தொழில் டிஜே. என் கூட்டாளி ரிஸ்வான், ஹட்டன் கடை வீதியில் சாமான் கடை வைத்திருப்பவரின் மகன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே மேசையில் நின்று பாட்டுப் போடுகிறோம். தோட்டத்துத் திருவிழா, கல்யாணம், சடங்கு வீடு, எல்லாம் எங்கள் கணக்கில் உண்டு. நோட்டீஸில் எங்கள் இரண்டு பெயரையும் இடைவெளி விடாமல் 'செல்வாரிஸ்வான்' என்று அச்சடித்துவிடுவார்கள். மேடைக்கு வந்த பிறகு, "உங்கள்ல யாருங்க செல்வாரிஸ்வான்?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கல்யாண வீட்டில் இருவரும் ஒரே குமிழை ஆளுக்கொரு பக்கம் திருகி, மாப்பிள்ளை பெண்ணுக்கு மாலை போடும் நேரத்தில் பாட்டு நின்றுபோனது. அன்றைக்கு வாங்கிய திட்டில் பிறந்த சட்டம் அது. ஸ்பீக்கர் பொக்ஸ் அலறும்போது பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. ஆகவே பேச்சு வேண்டாம். ஒருவன் மற்றவனின் முதுகில் உள்ளங்கையை வைத்தால், 'இனி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பொருள். கை விழுந்தவன் உடனே இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. சண்டை ஏதும் இருந்தால் லொறியில் வீடு திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம். லொறியில் நாங்கள் போட்ட சண்டைகளுக்குக் குறைவில்லை. ஆனால் மேடையில் அந்தச் சட்டத்தை ஒருவரும் ஒரு நாளும் மீறியதில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு திருவிழா. அதற்கு ஒரு வாரம் முன்பு எனக்கு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. எங்கோ சாப்பிட்ட கோழிக்கறியின் வேலை என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்து மறந்துவிட்டேன். திருவிழா மேடையில் நிற்கும்போது இரண்டு பாதமும் மரத்து, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ரிஸ்வானின் காதில் கத்திச் சொன்னேன்.

"பேஸ் ஏறியிருக்கும் மச்சான். செருப்பக் கழட்டிட்டுப் புல்லுல நில்லு" என்றான்.

மற்றவர்கள் என்றால் பயந்திருப்பார்கள். எங்களுக்கு அது பழகிய சங்கதி. பெரிய பொக்ஸுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக நின்றால் பேஸின் அடித்தாள அதிர்வு பலகை வழியாகக் காலில் ஏறி மரத்துப்போகும். ஈரப் புல்லில் கொஞ்ச நேரம் நின்றால் இறங்கிவிடும். நானும் போய் நின்றேன். இறங்கவில்லை. இன்றைக்குப் பேஸ் கொஞ்சம் அதிகம் போல என்று திரும்பி வந்து மிச்சப் பாட்டையும் போட்டேன். மறுநாள் வீட்டில் ஒரு பொக்ஸும் இல்லை, பாட்டும் இல்லை, கால் மட்டும் மரத்தே கிடந்தது. அப்போதும் நாங்கள் இரண்டு பேரும் பேஸைத்தான் குற்றம் சொன்னோம். உலகத்தில் வேறெந்தத் தொழில் செய்பவனும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருக்கமாட்டான்.

அதற்கடுத்த நாள் காலையில், பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகிற பெண்கள் கூடையோடு எங்கள் லயத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பல் விளக்குவதற்காக வாசல் படியில் இறங்கினேன். முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழும்பச் சொல்லிக் காலுக்குக் கட்டளை போகிறது, கால் கேட்கவில்லை. கலா ஓடிவந்து அக்குளில் கை கொடுத்தாள். "என்னங்க இது, குடிச்சவங்க மாதிரி?" என்றவளின் முகம் பாதி வார்த்தையிலேயே மாறிவிட்டது.

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். தட்டினால் கால் தானாக உதற வேண்டுமாம். உதறவில்லை. மறுபடி தட்டினார். பிறகு உடனே அம்புலன்ஸுக்குச் சொன்னார். கலா என்னோடு ஏறினாள். ரிஸ்வான் பின்னால் எங்கள் லொறியில் வந்தான். அன்று கந்தப்பளையில் ஒரு சடங்கு வீடு இருந்தது. பொக்ஸெல்லாம் ஏற்றிக் கட்டிய பிறகுதான் சேதி கிடைத்ததாம். சடங்கு வீட்டை வேறு செட்டுக்குக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, பொக்ஸை இறக்கக்கூட நில்லாமல் வந்துவிட்டான். கண்டி ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் லொறியை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே யாருக்குக் கல்யாணம் என்று சிங்களத்தில் கேட்டாராம்.

வார்ட்டில் என்னைப் பார்த்த டொக்டரம்மா கந்தப்பளைத் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் பேச்சு அவர் வாயில் வந்ததும் கலாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. முதுகெலும்பில் ஊசி போட்டு உள்ளிருக்கும் நீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்தார்கள். சுருண்டு படுத்து அசையாமல் கிடக்க வேண்டும். வலியைவிடப் பயம்தான் அதிகம். பிறகு நரம்புச் சோதனை. கையில் சின்னதாக மின்சாரம் கொடுத்து, அந்தச் செய்தி விரலுக்கு எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது என்று திரையில் கோடாகப் பார்ப்பார்கள். ஒலி அலையை லெப்டொப்பில் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண் என்னுடையது. கோடு சின்னதாக, தாமதமாக, களைத்துப்போய் வந்ததை நானே பார்த்தேன்.

சோதனைகள் முடிந்ததும் டொக்டரம்மா கட்டிலருகே வந்து விளக்கினார். நோயின் பெயர் ஜீ.பீ.எஸ். வயிற்றுப்போக்குக் கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையை அனுப்பியிருக்கிறது. அந்தப் படை, கிருமி போன பிறகும் ஓயாமல், ஆள் தெரியாமல் என் சொந்த நரம்பையே அடித்துக்கொண்டிருக்கிறது.

"உங்க மூளையும் நல்லா இருக்கு, தசையும் நல்லா இருக்கு. நடுவுல இருக்கிற வயர்லதான் பிரச்சினை. வயருக்கு மேல ஒரு ஒற இருக்கும்ல, அது உரிஞ்சிக்கிட்டு வருது. கால்ல தொடங்கி மேல ஏறும்."

ரிஸ்வானுக்கு வயர் என்றதும் தைரியம் வந்துவிட்டது. "வயர்னா மாத்திடலாம்ல டொக்டர்?"

"மாத்த ஏலாது. அதுவா வளரும்."

"அதுவாவா?" என்று வாயைப் பிளந்தான். எத்தனை வயரை எலி கடித்து, எத்தனை வயரை மழை அரித்து, எத்தனை இடத்தில் டேப் சுற்றியவர்கள் நாங்கள்! உறை உரிந்த வயர் தானாக உறை போட்டுக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னது எங்கள் காதுக்குப் புதுசு. படுத்த படுக்கையில் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்பு இடுப்புக்கு மேலே மட்டும்தான் தெரிந்தது.

ஆனால் மேலே ஏறுகிற படை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நின்றுவிடும். அதைப் பார்ப்பதற்கு டொக்டரம்மா ஒரு சுலபமான சோதனை வைத்திருந்தார். மூச்சை இழுத்துக்கொண்டு, இடையில் மறுபடி மூச்சு வாங்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. திருவிழா மேடையில் உபயகாரர்களின் பெயரை ஒரே மூச்சில் வாசிப்பது என் பெருமை. மேல் கணக்கு, கீழ்க் கணக்கு, புது லயம் என்று தோட்டத்துப் பிரிவு எல்லாம் வாசித்து முடிக்கும்போது கீழே விசில் பறக்கும். முதல் நாள் முப்பதைத் தாண்டிக் காட்டினேன். மறுநாள் இருபதைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் பத்து என்று சொல்ல இன்னொரு மூச்சு வேண்டியிருந்தது. ரிஸ்வான் கட்டில் கம்பியைப் பிடித்தபடி, சத்தமில்லாமல் வாயை அசைத்து என்னோடு கூடவே எண்ணிக்கொண்டிருந்தான். நான் நின்ற இடத்தில் அவனும் நின்றான்.

"இப்ப மெஷின் போட்டா நிதானமாப் போடலாம்" என்றார் டொக்டரம்மா. "மூச்சு நின்ன பிறகு ஓடிவந்து போடுறது நல்லதில்ல."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எங்கள் தோட்டத்தில் மெஷின் போட்டார்கள் என்று கேள்விப்பட்ட யாரும் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. அதோடு, குழாய் தொண்டைக்குள் போய்விட்டால் குரல் திரும்புமா? குரல் இல்லாமல் நான் எதற்கு? கலா கெஞ்சினாள், அழுதாள். டொக்டரம்மா பொறுமையாக மறுபடியும் சொன்னார். தலையணையை முட்டுக்கொடுத்து என்னை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். நான் விரல்களில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டால் செத்துவிடுவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அப்போது என் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு உள்ளங்கை விழுந்தது.

ரிஸ்வான். எத்தனையோ மேடைகளில் விழுந்த அதே கை, அதே இடம். நான் யோசிக்கவே இல்லை. என் கை தானாகக் கம்பியை விட்டது. டொக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். சரி என்று கண்ணை மூடினேன். படித்த டொக்டரம்மாவும் கட்டிய மனைவியும் சொல்லிக் கேட்காத ஒன்றை ஒரு உள்ளங்கை கேட்க வைத்தது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கண் திறந்தபோது எனக்காக இன்னொன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்காமலேயே நெஞ்சு ஏறியது, நான் சொல்லாமலேயே இறங்கியது. பிறந்ததிலிருந்து நானே செய்துவந்த வேலையை, செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல் செய்துவந்த வேலையை, கட்டிலோரத்து மெஷின் ஒரே தாளத்தில் செய்துகொண்டிருந்தது. பயத்தையும் மீறி அதையே வெகு நேரம் கேட்டுக்கொண்டு கிடந்தேன். தாளம் பிசகவே இல்லை.

பிறகு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். கழுத்து இரத்தநாளத்தில் குழாய் வைத்து இரத்தத்தை வெளியே எடுத்து, என் நரம்பை அடிக்கிற படை கலந்திருக்கும் மஞ்சள் நீரை மட்டும் பிரித்துவிட்டு, சிவப்பை நல்ல நீரோடு சேர்த்து உள்ளே அனுப்புவார்கள். பையில் அந்த மஞ்சள் நீர் நிறைவதைப் பார்க்க வேண்டுமே! இளவெயிலின் நிறம். இத்தனை அழகான ஒன்றா என்னைக் கொல்லப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐ.சி.யூவுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வரலாம். காலையில் கலா வருவாள். என் தலையை வாரிவிட்டு, லயத்துச் செய்திகளைக் காதில் சொல்வாள். தண்ணிக் குழாய் உடைந்தது, மலைக்குக் கீழே சிறுத்தை நடமாட்டம், பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் மெஷினுக்கும் கட்டிலுக்கும் யாரும் காசு கேட்கவில்லை. ஆனால் வெளியில் வாங்கச் சொல்லும் சாமான், கண்டியில் கலா தங்கிய அறை, போக வரச் செலவு என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. ஹட்டன் பஸ் கண்டக்டர் ஒருவர் தினமும் எங்கள் லயத்துப் பெண்கள் சுட்ட ரொட்டியையும் கட்டச் சம்பலையும் பொதியாகக் கொண்டுவந்து கலாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாலையில் ரிஸ்வான். நர்ஸ் மிஸ் எனக்கு ஒரு மொழி சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு தடவை கண் சிமிட்டினால் ஆம், இரண்டு தடவை சிமிட்டினால் இல்லை. ஆனால் எங்கள் மேடைப் பழக்கத்தில் இரண்டு தட்டு என்றால் அடுத்த பாட்டு. "வலிக்குதாடா?" என்று ரிஸ்வான் கேட்பான். இல்லை என்று இரண்டு தடவை சிமிட்டுவேன். அவன் உடனே என் காதில் வைத்திருந்த ஃபோன் பாட்டை மாற்றிவிடுவான். "இது பிடிக்கலியா?" இரண்டு சிமிட்டு. மறுபடி மாற்றுவான். ஒரு மாலை முழுக்க ஒரு பாட்டையாவது உருப்படியாகக் கேட்கவிடவில்லை படுபாவி. எனக்குத் திட்ட வாயில்லை, சிரிக்கவும் வாயில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வழிந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் சோகப் பாட்டு ஒன்றைப் போட்டுச் சத்தத்தையும் கூட்டினான். நர்ஸ் மிஸ் ஓடிவந்தார்.

"மல்லி, சத்தே அடு கரன்ன!"

தம்பி, சத்தத்தைக் குறையுங்கள். எங்கள் தொழில் வாழ்க்கையில் நாங்கள் அதிகமாகக் கேட்ட சிங்கள வாக்கியம் அதுதான். பொலிஸ்காரர் சொல்லியிருக்கிறார், பன்சலை ஹாமுதுரு, அதாவது விகாரைப் பிக்கு, சொல்லியிருக்கிறார், பக்கத்து வீட்டு மாத்தயாக்கள் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் மரணப் படுக்கையிலும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வாரங்கள் போயின. வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் சின்னத் துளை போட்டு அதன் வழியாக மெஷினை மாட்டினார்கள். படை ஓய்ந்துவிட்டது, இனி நரம்பு வளர வேண்டும் என்றார் டொக்டரம்மா. எப்போது என்று அவருக்கும் தெரியாது. விரல் அசையவில்லை. கால் அசையவில்லை. காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிலில் இருந்த ஒருவரின் மெஷின் ஒரு மத்தியானம் நின்றுபோனதையும், அவர் வீட்டார் வந்து அழுததையும் கேட்டேன். எனக்கு அலுத்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், போதும் என்று தோன்றிவிட்டது.

அன்று மாலை ரிஸ்வான் வந்தான். என் முகத்தில் எதையோ கண்டு, "என்னடா வேணும்? பாட்டா? கலாவக் கூப்பிடவா? முதுகு நோவுதா?" என்று வரிசையாகக் கேட்டான். முதுகு என்றபோது ஒரு தடவை சிமிட்டினேன். படுக்கைக்கும் முதுகுக்கும் நடுவில் கையை நுழைத்தான். தேய்த்துவிடப் பார்த்தான். நான் இரண்டு தடவை சிமிட்டினேன். கையை அப்படியே வைத்தான். நான் அவனையே பார்த்தேன். எடுத்துக்கொள், இதை முழுசாக எடுத்துக்கொள், என்னால் இனி முடியாது. அதைத்தான் கேட்டேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. சூடு பட்டதுபோல் கையை உருவிக்கொண்டான்.

"இதுக்குக் கை வைக்கமாட்டேன்டா" என்றான். "எதுக்கு வேணும்னாலும் வைப்பேன், இதுக்கு வைக்கமாட்டேன். இது ஒன்னோட பாட்டு. நீயே போட்டு முடி."

திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டான். எனக்கு அப்படிக் கோபம் வந்தது! சட்டம் போட்டவனே சட்டத்தை மீறிவிட்டான் என்று இரவெல்லாம் உள்ளுக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை கோபப்படுகிறவன் சாக வந்தவனாக இருக்கமுடியாது என்பது காலையில்தான் உறைத்தது. மறுநாள் அவன் ஒன்றும் நடக்காதவன் போல வந்து, அக்கரப்பத்தனையில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போட்டுவிட்டு வந்த கதையைச் சொன்னான். மேசையில் என் பக்கம் யாரையும் நிற்க விடவில்லையாம். "செல்வா பாதி எங்கன்னு கேட்டாங்க மச்சான். சர்வீஸுக்குப் போயிருக்குன்னு சொன்னேன்."

முதலில் என் வலது புருவம் அசைந்தது. கலாதான் கண்டாள். புருவத்தைப் பார்த்து ஒரு பெண் அப்படிக் கூச்சல் போட்டதை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. பிறகு கன்னம், பிறகு தோள். நரம்பு எப்படி வழி கண்டுபிடித்து இறங்குகிறது, இருட்டில் யார் அதற்கு உறை சுற்றுகிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வார்த்தை வருவதில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், அவ்வளவுதான். என்னைக் கேட்காமலே என்னைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தது இந்த உடம்பு.

மெஷினின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மிச்சத்தை என்னைச் செய்ய வைத்தார்கள். முதல் தடவை குறைத்தபோது மூழ்குகிறவனைப் போலத் தவித்தேன். மறுபடி கூட்டினார்கள். ரிஸ்வான் குனிந்து என் காதில் சொன்னான்: "அந்த மெஷினுக்கு முதுகு இருக்குன்னு நெனச்சுக்க. நீ போய்க் கைய வை. அது கைய எடுத்துரும். நல்ல மெஷின் மச்சான், சட்டம் தெரிஞ்ச மெஷின்."

அடுத்த தடவை கண்ணை மூடி, இல்லாத அந்த முதுகில் அசையாத என் கையை வைத்தேன். மூச்சு வந்தது. என் மூச்சு. கோணல்மாணலாக, தாளம் தப்பி, ஆனால் என்னுடையது. கொஞ்ச நாளில் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது எனக்கு அழுகை வந்தது. கூட வேலை செய்தவர்கள் பிரிகிறபோது அப்படித்தான் இருக்கும் போல.

கழுத்துத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பேசலாம் என்று ஒரு நாள் டொக்டரம்மா சொன்னார். என் விரல் அவ்வளவு உயரம் வராது. நர்ஸ் மிஸ் தன் விரலால் மெதுவாக மூடினார். கலா, ரிஸ்வான் இருவரையும் அன்று ஒன்றாக உள்ளே விட்டிருந்தார்கள். முதலில் தன் பெயரைச் சொல்வேன் என்று கலா எதிர்பார்த்தாள், தன் பெயரை என்று ரிஸ்வான் எதிர்பார்த்தான். ரிஸ்வானின் கையில் ஃபோன் பாடிக்கொண்டிருந்தது. நான் மூச்சைக் கூட்டி, ஓட்டை விழுந்த ஸ்பீக்கர் குரலில் சொன்னேன்:

"சத்தே... அடு கரன்ன."

நர்ஸ் மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். ரிஸ்வான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அதன் பிறகு பயிற்சி. உட்கார, நிற்க, கம்பியைப் பிடித்து நடக்க. குழந்தைக்குச் சந்தோஷமாக வருவதெல்லாம் எனக்கு வேர்த்துக் கொட்டி வந்தது. ஒரு வழியாக லயத்துக்குத் திரும்பினேன். முன்பு கால் மடங்கிய அதே வாசல் படியில், கலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பெரட்டு முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். ஒரு அக்கா மட்டும் கும்பிட்டார், என்னையா கோயிலையா என்று தெரியவில்லை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. மாலை மங்கும் நேரம், கரகம் புறப்பட இன்னும் கொஞ்சம் இருந்தது. மேடையில் ரிஸ்வான் தனியாக நின்று போட்டுக்கொண்டிருந்தான். மேசையில் என் பக்கம் காலியாக இருந்தது. எனக்கு மேடையோரம் பொக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் இரண்டு பாதமும் மரத்துப்போயின.

மறுபடியுமா? கலா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "கால்" என்றேன். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் என் செருப்பைக் கழற்றி, கைத்தாங்கலாகப் புல்லுக்கு அழைத்துப் போனாள். பனி இறங்கிய புல். அவள் கை என் கையை நெரித்துக்கொண்டிருந்தது. மெல்ல, ஒவ்வொரு விரலாக, கால் திரும்பி வந்தது. புல்லின் குளிர் தெரிந்தது.

"பேஸ்தான்" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்னைய மேடைக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

மேடையின் மூன்று படியும் எனக்கு மலையாக இருந்தது. கீழே கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. என் விரல்களை எனக்குத் தெரியும், பேனாவையே கீழே போடுகிற விரல்கள். பாட்டை நடுவில் அறுத்துவிட்டால் தோட்டமே பார்க்கும். ரிஸ்வானுக்கும் அது தெரியும். வேண்டாம் மச்சான், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று அவன் திரும்பிச் சொன்னால், அதில் ஒரு தவறும் இல்லை. ஊன்றுகோலைக் கலாவிடம் கொடுத்தேன். அவன் பின்னால் போய் நின்றேன். கையைத் தூக்க நேரம் எடுத்தது. தூக்கி, அவன் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வைத்தேன்.

ரிஸ்வானின் இரண்டு கையும் உடனே மேசையை விட்டு உயர்ந்தன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. என் உள்ளங்கைக்குக் கீழே அவன் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கியபடியே ஒரு அடி நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியப் போகிறது. நான் அடுத்ததைப் போட்டேன்.